பாபாசாகேப் அம்பேத்கர்: உரிமைப் பணம் கேட்போர்க்கு அரணாய் நின்றவர்



பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் திருநாமத்தை அறியாதார் நம்முள் எவருமிலர். அவர்தம் படம் மாட்டப்பெறாத இல்லம் நம் மக்களிடையே அரிது. அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் என்றும், தீண்டாமையை வேரறுக்க முற்பட்ட வீரர் என்றும், 1956ஆம் ஆண்டில் நம்மனோர்க்குப் பௌத்த தம்மத்தின் வாயிலைத் திறந்துவிட்ட போதிசத்துவர் என்றும் அவரைப் போற்றுகின்றோம். ஆயினும், நோயுற்ற நாளில் உதவித்தொகையும், பேறுகாலத்தில் கூலியோடு கூடிய ஓய்வும் ஒரு தொழிலாளி தலைகுனியாமற் கேட்டுப் பெறத்தக்க பொருளாக வேண்டும் என்பதற்கு அவர் உழைத்த வரலாறு நம்முள் பலர்க்குத் தெரியாது. அதனையே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

இதனைச் சொல்ல வேண்டிய அவசியம் யாதெனின், வண்டிப்பெரியார்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தம்மம் பேசச் செல்லுங்கால், லயங்களில் வாழும் முதியோர் பலரை யாம் காண்கின்றோம். முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த தாய்மார்கள் தமக்கு வரவேண்டிய பணிக்கொடையைப் பற்றிப் பேசும்போது, துரை மனம் வைத்தால் கிடைக்கும் என்கின்றனர். தம் உழைப்பின் பங்கைக் கோயில் வாசலில் விழும் காசுபோல் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் நீங்கினாலன்றிச் சட்டம் எத்தனை இருந்தும் பயன் இல்லை. இதனை நீக்குதற்குப் பாபாசாகேப் அவர்களின் சரித்திரத்தினும் சிறந்த மருந்து வேறில்லை.

பென்ஷனில் வளர்ந்த பிள்ளை

பாபாசாகேப் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணியும் புரிந்தவர். அவர் ஓய்வுபெற்ற பின்னர்க் குடும்பம் பென்ஷனை நம்பியே காலந்தள்ளிற்று. பீமாபாய் அம்மையார் பிள்ளையின் இளமையிலேயே மறைந்தார்.

பிள்ளைக்குப் புத்தகத்தின்மீது தீராத ஆசை. கையில் பணமில்லாத வேளைகளில் தந்தையார் மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் போய்க் கைமாற்றுக் கேட்பார். அவர்களிடம் ரொக்கம் இல்லையெனில் நகையொன்றை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தருவார். பென்ஷன் வந்த நாளில் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். குறித்த நாளில் தவறாது வரும் சிறு தொகை ஓர் ஏழைக் குடும்பத்தை எங்ஙனம் தாங்குகின்றது என்பதை அவர் ஏட்டில் படித்தறிந்தாரல்லர், அத்தொகையினாலேயே வளர்ந்தார். பென்ஷன் யாருடைய தயவுமன்று, செய்த வேலைக்கு உரியது. ஆதலின் அதனை நம்பி அடகு வைக்கவும் முடிந்தது, மீட்கவும் முடிந்தது. தயவை நம்பி எவரேனும் நகையை அடகு வைப்பரோ?

பின்னர்க் குடும்பம் பம்பாய் சேர்ந்தது. பரேல் வட்டாரத்தில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் சால் எனப்பெறும் வரிசைக் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் படுக்கையும் படிப்பும் எல்லாம் அதற்குள்ளேயே. நம் லயத்து வாழ்வை அறிந்தோர்க்கு அவ்வறையை விவரிக்க வேண்டுவதில்லை. அங்கிருந்தே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் தந்தையார் காலமானார்.

அவ்வாண்டே பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்கள் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை அளிக்க, அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டு வேலை செய்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அதன்படி 1917இல் பரோடா சேர்ந்தபோது, மேல்நாட்டுப் பட்டங்கள் பெற்ற அவருக்கு அந்நகரில் தங்க இடந்தருவார் எவருமிலர். பார்சிச் சத்திரமொன்றிலிருந்தும் துரத்தப்பட்டார். உதவித்தொகை ஒருவனைப் படிக்க வைக்கும். மதிப்பை அது தானாகத் தந்துவிடாது. இப்பாடம் அவருள்ளத்தில் ஆழப் பதிந்ததென்பதை அவர்தம் பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன. பின்னர் இலண்டன் சென்று பொருளாதாரத்தில் டி.எஸ்ஸி. பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் பெற்று, 1923இல் தாயகம் மீண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

விலங்காய் அமைந்த மானியம்

1927இல் அவர் பம்பாய்ச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். மகாடு நகரத்துக் குளத்தில் நம் மக்கள் நீர் அருந்தியதும் அவ்வாண்டு மார்ச்சு 20ஆம் நாளே. அடுத்த ஆண்டு, 1928இல், வத்தன் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். இது நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

மராட்டிய நாட்டு மகார் மக்கள் கிராம உத்தியோகஸ்தர்க்கும் சர்க்காருக்கும் இராப்பகலாய் ஏவற்பணி செய்து வந்தனர். அதற்கீடாகச் சிறு துண்டு நிலம் வத்தன் என்னும் பெயரால் விடப்பட்டிருந்தது. அறுவடையில் ஊரார் தானியமும் கொடுப்பர். பார்வைக்கு இது ஒரு சலுகை. உள்ளே புகுந்து நோக்கினால் அதுவே தளை. வேலைக்கு நேரமில்லை, அளவில்லை. அழைக்கப்பட்டவன் ஊரில் இல்லையேல் வீட்டிலுள்ள மற்றவர் செல்லல் வேண்டும். செத்த மாட்டைத் தூக்கமாட்டோம், பொதுக்கிணற்றில் நீரெடுப்போம் என்று சொன்னால், ஊரார் தானியத்தை நிறுத்திவிடுவர். கொடுப்போன் நினைத்தால் நிறுத்தலாம் என்னும்படி இருக்கும் உதவி, பெறுவோனின் வாயைக் கட்டும் கயிறன்றோ?

இவர்களது நிலத்தை உரிய தீர்வை கட்டி வைத்துக்கொள்ளும் சொந்த நிலமாக்குக, செய்யும் பணிக்குச் சர்க்காரே நிர்ணயித்த சம்பளம் கொடுக்க என்பதே பாபாசாகேப் அவர்களின் கோரிக்கை. மசோதா அப்பொழுது நிறைவேறவில்லை. பல்லாண்டு அவர் விடாது வாதாடினார். அவர் மறைந்த பின்னர், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அத்தகைய தாழ்நிலை வத்தன்கள் பம்பாய் இராச்சியத்தில் ஒழிக்கப்பட்டன. உதவியென்பது எழுதப்பட்ட அளவும், கேட்டுப் பெறும் வழியும் உடையதாதல் வேண்டும். இல்லையேல் அது அடிமைத்தனத்தின் மற்றொரு பெயரே. அவருடைய தொழிலாளர் பணி முழுவதற்கும் இக்கருத்தே அடிப்படை.

தாய்மார்க்காகப் பேசிய பேச்சு

அதே 1928ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலைப் பெண்கள் பேற்றுக்கு முன்னும் பின்னும் ஓய்வு பெற்று, அக்காலத்துக்கு உதவித்தொகையும் பெறவேண்டும் என்பது அதன் நோக்கம். ஆலை முதலாளிமார் இதனை வீண்சுமை என எதிர்த்தனர். பாபாசாகேப் எழுந்து ஆதரித்துப் பேசினார். தாய் ஓய்வு பெறுதல் நாட்டின் நலத்துக்கே உரியது. ஆதலின் சுமையில் சர்க்காருக்கும் பங்குண்டு. ஆயினும் பெண்களை வேலைக்கு வைப்பதனால் இலாபமடைவோர் முதலாளிமாரே. ஆகவே அவர்கள் கொடுத்தலும் நியாயமே. அவருடைய வாதத்தின் சாரம் இதுவேயாம். இரக்கத்தை அவர் துணைக்கழைக்கவில்லை; கணக்கையே முன்வைத்தார்.

1929இல் பம்பாய் பிரசவ உதவிச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் இவ்வகைச் சட்டம் இதுவே முதலாவது. சென்னை மாகாணத்தில் 1934இல் இத்தகைய சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. அதில் பன்னிரண்டு வாரமாயிருந்த விடுப்பு 2017இல் இரு குழந்தைகள் வரைக்கும் இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. பேறுகால விடுப்பிலிருக்கும் பெண்ணை அக்காரணத்தால் வேலையினின்று நீக்குதல் சட்டவிரோதம் என்னும் விதி அதில் இன்றியமையாத பகுதி. பணம் கொடுக்கும் விதியை மட்டும் எழுதி, கேட்டவளை நீக்கலாகாது என்னும் விதியை எழுதாவிடின், முன்னதும் பயனற்றுப் போம். யாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில் இதனைக் கண்கூடாகக் கண்டோம். கருவுற்ற பெண்களில் விவரமறிந்தோர் உதவி கேட்டுப் பெற்றனர். விவரமறியாதோரைப் பெயர் வெட்டி அனுப்பிவிட்டு, குழந்தை பிறந்தபின் புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டனர். சட்டம் ஒன்றே, அறிந்தவளைக் காத்தது, அறியாதவளைக் கைவிட்டது.

தொழில் இலாகாவில் நான்காண்டு

1942 ஜூலையில் பாபாசாகேப் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா உறுப்பினரானார். 1946 நடுப்பகுதி வரை அப்பொறுப்பை வகித்தார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓரறையில் வளர்ந்த பிள்ளை, நாட்டின் தொழிலாளர் அனைவர்க்கும் பொறுப்பாளியானது இந்நாட்டு வரலாற்றில் ஓர் அரிய நிகழ்ச்சி. சர்க்கார், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பாரும் ஒருங்கமர்ந்து பேசும் மாநாடு அவ்வாண்டு ஆகஸ்டில் டெல்லியில் தொடங்கிற்று. அதுகாறும் தொழிலாளியைப் பற்றிப் பிறரே பேசினர். அதன்பின் தொழிலாளியும் அமர்ந்து பேசினான்.

அக்காலத்தில் அவர் செய்த ஒரு சிறு திருத்தத்தை நம் அன்பர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு 1941ஆம் ஆண்டில் ஒரு பிரசவ உதவிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பேற்றுக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம், நாளொன்றுக்கு எட்டணா உதவி. பேற்றுக்குப் பிந்திய நான்கு வாரமும் அவள் வேலை செய்தலே குற்றம். ஆனால் உதவி கொடுக்கும் பிரிவில், வேலைக்கு வராதிருந்த நாட்களுக்கு என்று பொருள்படும் ஒரு சொற்றொடர் நுழைந்திருந்தது. சுரங்கம் மூடிக்கிடந்த நாளில் வேலையே இல்லை. வேலையில்லாத நாளில் அவள் வேலைக்கு வராதிருந்தாள் என்பது எங்ஙனம்? ஆகவே அந்நாளுக்கு உதவியில்லை என்று வாதிக்க இடமிருந்தது. 1943 ஜூலையில் பாபாசாகேப் திருத்த மசோதா கொண்டுவந்து அவ்வைய இடத்தை அடைத்தார்.

போர் நடக்கின்றது, வங்கத்தில் பஞ்சம், நாடெங்கும் சுதந்திரக் கொந்தளிப்பு. அத்தகைய வேளையில், நிலக்கரிச் சுரங்கத்துப் பெண்ணொருத்தியின் எட்டணா வழுவிப்போகாதிருக்க ஒரு சொற்றொடரை எடுத்துத் திருத்துவதற்கு ஒருவர் நேரம் கண்டார். ஏழையின் உரிமை பெரும்பாலும் பெரிய அநியாயத்தினால் மட்டும் தொலைவதன்று. ஒரு சொல்லினால், ஒரு தேதியினால், ஒரு கையொப்பக் குறையினால் தொலைகின்றது. சட்டம் பயின்ற அவர் இதனை நன்கறிந்திருந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் தன்பாத் சென்று சுரங்கத்தினுள் இறங்கி வேலையை நேரிற் பார்த்தார். தொழிலாளர் வீடுகளையும் சுற்றிப் பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்தினின்று வெளியேறும் நிலக்கரிமீது வரி விதித்து, அத்தொகையைக் கொண்டு வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றைச் செய்யும் ஏற்பாடு அது. முதலாளியின் மனநிலையைப் பொறுத்தன்று, வெளியேறும் கரியின் எடையைப் பொறுத்தே பணம் சேர்ந்தது.

இக்காலத்தில் அவர் கடுமையான கண்டனத்துக்கும் உள்ளானார் என்பதை மறைத்தல் தகாது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்தலைத் தடுத்திருந்த விதி, போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1943இல் நீக்கப்பட்டது. சட்டசபையில் உறுப்பினர் பலர் எதிர்த்தனர். வேறு வழியில்லாத நெருக்கடி என்றும், ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் என்றும் அவர் விடையிறுத்தார். அத்தடை 1946இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பெரியோர் வரலாற்றில் இடர்ப்பட்ட இடங்களையும் அறிந்தாலன்றி அவர்தம் பெருமை விளங்காது.

தொழிலாளியின் பங்கு, தொழிலாளியின் உரிமை

அந்நாட்களில் இங்கிலாந்தில் 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் என்பார் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு முன்னர் அந்நாட்டு ஏழை உதவி வேண்டினால், வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களைக்கூட அதிகாரி எண்ணிப் பார்ப்பார். உழைக்கும் காலத்தில் வாரந்தோறும் சிறு தொகை செலுத்தி வந்தால், நோயும் முதுமையும் வேலையின்மையும் வந்த காலத்தில் எவரும் ஆராயாமல் உதவி பெறலாம் என்பதே பெவரிட்ஜ் காட்டிய வழி.

இந்தியாவில் 1943 மார்ச்சில், பாபாசாகேப் தொழில் உறுப்பினராயிருக்கையில், பேராசிரியர் பி. பி. அடார்க்கர் தொழிலாளர் நோய்க்காப்புத் திட்டம் வகுக்க நியமிக்கப்பட்டார். 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை தந்தார். இதனடிப்படையில் எழுந்ததே ஈ.எஸ்.ஐ. என நாம் வழங்கும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். பாபாசாகேப் அவ்விலாகாவை விட்டபின், 1948 ஏப்ரலில் அது நிறைவேறிற்று. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அவர் சபையில் வைத்தார். அதுவும் 1948இல் சட்டமாயிற்று. தேயிலைத் தோட்டமும் அதன் அட்டவணையுள் இடம்பெற்றது.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் மூன்று வேலிகள் அமைந்தன. முதலாவது, உதவித்தொகையைக் கடன்காரன் ஜப்தி செய்யலாகாது. பிறர்பேரில் எழுதி வாங்கவும் இயலாது. இரண்டாவது, நோய்க்கால உதவியோ பேறுகால உதவியோ பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. மூன்றாவது, தகராறு எழுந்தால் தீர்ப்பதற்குத் தனி நீதிமன்றம் உண்டு. பயிருக்கு நீர் பாய்ச்சுவது ஒன்று. மாடு மேயாமல் வேலியிடுவது மற்றொன்று. வேலியற்ற பயிர் வீட்டுக்கு வந்து சேராது. சம்பளத்தில் தன் பங்கையும் தொழிலாளி செலுத்துகின்றான். அதனால் ஆஸ்பத்திரி வாயிலில் அட்டையை நீட்டும்போது அவன் யாசகனல்லன், தன் பணத்தைக் கேட்பவன்.

தோட்டத் தொழிலாளர்க்கு இவ்வேலி அன்று எட்டவில்லை. 1944இல் நியமனமான ரேகே குழு நாட்டின் பல தொழில்களோடு தோட்டத் தொழிலாளர் நிலையையும் ஆராய்ந்தது. பின்னர் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம், நோய்க்கால உதவி, பேறுகால உதவி ஆகியன தோட்டத்துக்காரரின் கடமையென்று அதில் எழுதப்பட்டது. 1954 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்கு ஆறு திசைகளின் பொருளை உபதேசித்தபோது, எசமானன் பணியாளர்க்குச் செய்யவேண்டிய கடமை ஐந்து எனக் காட்டினார். வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் பராமரிப்பு, கிடைத்தற்கரிய உணவில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு என்பன அவை. நோய்க்கால உதவியும் ஓய்வும் நேற்றுத் தோன்றிய எண்ணமல்ல. ஆனால் அறநூலில் கடமையாய் நின்றது, சட்டநூலில் உரிமையாய் மாறினாலன்றி ஏழையின் கைக்கு வாராது. அம்மாற்றத்துக்கு உழைத்தவர்களுள் பாபாசாகேப் முதல் வரிசையில் நிற்பவர்.

அரசியலமைப்பும் மதமாற்றமும்

1947 ஆகஸ்டில் அவர் சட்ட மந்திரியாகவும் அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவராகவும் ஆனார். 1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமை 41ஆம் விதியிலும், பேறுகால நிவாரணம் 42ஆம் விதியிலும் இடம்பெற்றன. இவை வழிகாட்டு நெறிகள். இவற்றைக் காட்டி மட்டும் நீதிமன்றத்தில் வழக்கிட இயலாது. இவற்றைப் புறக்கணிக்கும் ஆட்சி வாக்காளர்முன் விடை சொல்லல் வேண்டும் என்பது அவர் கருத்து. உரிமையென்றால் அதனைப் பெற்றுத் தரும் பரிகாரமும் இருத்தல் வேண்டும் என்று எண்ணியதனாலேயே, உச்சநீதிமன்றத்தை நேரே அணுகும் 32ஆம் விதியை அவர் அனைத்தினும் மேலாக மதித்தார். 1951 செப்டம்பரில், இந்துச் சட்ட மசோதாவைச் சர்க்கார் கைவிட்டமையால் மந்திரி பதவியைத் துறந்தார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் டெல்லியில் பரிநிர்வாணம் எய்தினார். அவரைப் பின்பற்றி தம்மம் தழுவியோர்க்கு ஒரு பெருஞ் சோதனை காத்திருந்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாளிட்ட அட்டவணைச் சாதிகள் ஆணை, இந்துவல்லாதார்க்கு அட்டவணைச் சாதியார் சலுகை இல்லையென்றது, 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர், பௌத்தர் சேர்க்கப்படவில்லை. உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த பிள்ளைக்குத் தன் மதத்தை எழுதியவுடன் அது நின்றது. சாதி இழிவு நின்றதோ? நிற்கவில்லை. மகாராஷ்டிரம் 1960 முதல் தன்னளவில் பௌத்தர்க்குச் சலுகை வழங்கிற்று. நாடு முழுமைக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தினாலேயே பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முப்பத்து நான்கு ஆண்டு நம் மூத்தோர் கேட்டுக்கொண்டேயிருந்தனர், கிடைத்தது. கேளாதிருந்திருப்பின் கிடைத்திராது.

இன்று நம் லயங்களில்

வண்டிப்பெரியார், பீருமேடு வட்டாரத்தில் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். தேயிலை விலை வீழ்ந்ததனால் 2000ஆம் ஆண்டையொட்டித் தோட்டங்கள் பல மூடப்பட்டன. கூலி பாக்கி, வைப்புநிதி பாக்கி, பணிக்கொடை பாக்கி. ஓய்வுபெற்றோர் பணிக்கொடை கிடையாமையால் வேறிடம் போக வகையின்றி, ஒழுகும் லயங்களிலேயே காலங்கழித்தனர். தேயிலைத் தொழிலாளர் நிலுவைக்காக 2006இல் உச்சநீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2010 ஆகஸ்டில் மத்திய சர்க்காருக்குக் கட்டளை பிறந்தது. கட்டளைக்குப் பின்னும் பணம் வாராமையால், 2020இல் ஓய்வுபெற்ற நீதியரசர் அபய் மனோகர் சப்ரே அவர்களின் ஒருநபர் குழு, கேரளமும் தமிழ்நாடும் உட்பட நான்கு மாநிலத் தோட்டங்களின் நிலுவையைக் கணக்கிட நியமிக்கப்பட்டது. பாபாசாகேப் உயிரெனப் போற்றிய 32ஆம் விதியின் பயன் இத்தகையது. ஆயினும் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். காத்திருந்தே கண்மூடியோர் எத்தனை பேர்!

கிராஜுவிட்டி எனப்பெறும் பணிக்கொடை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நிரந்தரத் தொழிலாளி ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் கூலி வீதம் அவனுக்குரியது. அது பிறர் கடனுக்காக ஜப்தி செய்யப்படலாகாது. இச்சட்டமும், பிரசவ உதவிச் சட்டமும், ஈ.எஸ்.ஐ. சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏட்டின் பெயர் மாறினும் உரிமை மாறவில்லை என்பதை நம் தாய்மார்க்கு எடுத்துச் சொல்லல் நம் கடமை.

மற்றொன்று. தமிழகத்திலிருந்து மலையேறி வந்தோரின் பிள்ளைகள் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950 ஆகஸ்டு 10க்கு முன்னரே முன்னோர் இங்குக் குடியிருந்தமைக்கு அத்தாட்சி கேட்கப்படுகின்றது. பாட்டன் பெயர் எழுதிய பழைய தோட்டப் பதிவேடோ பள்ளிப் பதிவேடோ ஒரு பேரனின் படிப்பைத் தீர்மானிக்கின்றது. ஆதலின் லயத்து வீட்டுக் கூரையில் செருகி வைத்த பழைய காகிதம் எதனையும் எறியற்க. விண்ணப்பத்தை வாய்மொழியாகச் சொல்லாது எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது பெறுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தறியாதவர்க்கு எழுத்தறிந்தவர் எழுதிக் கொடுக்க. நம் விகாரைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் பஞ்சசீலம் ஓதியபின் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினால், அதுவும் தானமேயாகும்.

எட்டணாவுக்காக ஒரு சொற்றொடரைத் திருத்திய பெருமானின் வழியில் வந்தோம் நாம். அயலிலுள்ள ஒரு முதியவளின் பணிக்கொடை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, அவளோடு ஆபீஸ் படியேறி, பதில் வரும்வரை உடன் நிற்போமாயின், டிசம்பர் 6ஆம் நாளில் அவர் படத்துக்கு இடும் மாலை வாடாது நிற்கும்.

சகல ஜீவர்களும் நலமுறுக!